காற்றாடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

ஆடி மாதம் தேனியிலிருந்து சின்னமனூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். தோட்டங்களுக்கு அப்பால் நிற்கிற காற்றாடிகள் எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்திருக்கும். தென்மேற்கே, குமுளி மலைப் பக்கம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் கிடக்கிற பள்ளத்தாக்கில் காற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை கணவாய் வழியாக இறங்கி, வடகிழக்கு நோக்கி ஒரே தடத்தில் ஓடும். அந்த ஒழுங்கு மலை கொடுத்தது. காற்றாடி நிற்கிற இடம், அதன் உயரம், நிறம், அதற்குப் போகிற மண்பாதை, அடிவாரத்து மின்மாற்றி, அங்கிருந்து கிளம்புகிற கம்பி எல்லாம் மனிதர்கள் முடிவு செய்தவை. அந்த மனிதர்களில் நானும் ஒருவன். காற்றாலைக்கு இடம் குறித்து வரைபடம் போடுவது என் தொழில்.

தமிழ்நாட்டில் காற்று மின்சாரத்துக்குப் பெயர்போன கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். 1986-இல் தூத்துக்குடியில் மாதிரிக்காக நட்டதில் தொடங்கிய கதை அது. எங்கள் பள்ளத்தாக்குக்குக் காற்றாடி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது 50 மீட்டர் உயரக் கம்பம் நட்டு, அதில் கிண்ண வடிவக் காற்றுமானிகளைக் கட்டி, ஒரு வருடமாவது காற்றை அளப்பார்கள். கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஆடு மாடு சிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. பிறகு வரைபடத்துக்கு வந்தேன்.

வரைபடம் என்றால் பெரிய கலை ஒன்றும் இல்லை. விசிறியின் விட்டத்தை டி என்போம். காற்றுக்குக் குறுக்கே 5 டி, காற்றின் போக்கில் 7 டி இடைவெளி விட வேண்டும். 80 மீட்டர் விட்டம் என்றால் பக்கவாட்டில் 400 மீட்டர், பின்னால் 560 மீட்டர். முன்னால் நிற்கிற காற்றாடி கலக்கிவிட்ட காற்று பின்னால் நிற்பதை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பிறகு நிலம் கிடைக்க வேண்டும், பாதை வேண்டும், துணைமின் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். மீதியை டென்மார்க்கில் உருவான வாஸ்ப் என்கிற மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

அந்தக் கணக்கில் வராத கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் ஓடைப்பட்டிப் பக்கத்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர். பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று கொடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்து நிலத்தில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?"

"காத்து வர்ற பக்கம்ங்கய்யா. மலையப் பாத்து நிக்கும்."

"அப்ப எங்க வீட்டு வாசலுக்கு?"

"பின்பக்கம் தெரியும்."

"இருபது வருசத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கப் போறதுக்கு யாரக் கேட்டு இடம் பாத்தீங்க?"

அவர் சண்டைக்கு வரவில்லை. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் பக்கம் ஒரு சின்ன பீடம் கட்டினாலும் சாமி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று ஊர் கூடிப் பேசும். ஊரிலேயே உயரமான பொருள் வருகிறது, அதைப் பற்றி ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை.

பேசாததற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. 2016-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி நட வேண்டும் என்று வந்தது. அது சத்தத்துக்காகச் சொன்னது. கண்ணுக்காக யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதன் விளைவைக் கண்டமனூர் பக்கமோ ஆண்டிபட்டிப் பக்கமோ போய்ப் பார்க்கலாம். நிலம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. வாங்கியவர்களில் பலர் வெளியூர் ஆலை முதலாளிகள். தேய்மானக் கழிவில் வரி மிச்சமாகும், ஆலைக்கு மின்சாரமும் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஒருவர் வாங்கியது குழாய்க் கோபுரம், அடுத்தவர் வாங்கியது இரும்புச் சட்டக் கோபுரம். ஒன்றின் விசிறி சின்னது, வேகமாகச் சுற்றும். பக்கத்தில் இருப்பது பெரியது, நிதானமாகச் சுற்றும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண்ணுக்கு ஓய்வே கிடையாது. ஒரே உயரம், ஒரே மாதிரிக் கோபுரம், ஒரே வேகம், பள்ளத்தாக்குக்குக் குறுக்கே நேர் வரிசை என்று இருந்திருந்தால் அதே மின்சாரம் கண்ணை உறுத்தாமல் கிடைத்திருக்கும். மலை கொடுத்த ஒழுங்கை நாம் கலைத்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மண்ணுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். லோயர் கேம்ப் போங்கள். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே வந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க 1950-களின் கடைசியில் பெரியாறு மின் நிலையம் வந்தது. மலை உச்சியிலிருந்து மின் நிலையம் வரை சரிவோடு ஒட்டி இறங்குகிற ராட்சதக் குழாய்களைக் குமுளி மலைப்பாதையில் போகிற எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சபரிமலைக்குப் போகிற பக்தர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சிற்பம் செய்கிறோம் என்று நினைத்து யாரும் அதை அமைக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தவுடன் எந்தச் சிறுவனுக்கும் விஷயம் விளங்கிவிடும். தண்ணீர் மேலே இருக்கிறது, குழாயில் விழுகிறது, கீழே வேலை செய்கிறது, பிறகு வயலுக்குப் போகிறது. தான் செய்கிற வேலையைத் தன் உருவத்திலேயே காட்டுகிற பொருளுக்கு அலங்காரம் தேவைப்படாது. அதே லோயர் கேம்பில் 2013-இல் அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். சிலை நன்றாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் குழாய்களுக்கு அடுத்த இடம்தான் அதற்கு.

வைகை அணையையும் சொல்ல வேண்டும். 1959-இல் திறந்த அணை. அணையின் இரு பக்கமும் பூங்கா. மதுரைக்காரர்களும் தேனிக்காரர்களும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டு வருகிற இடம். பின்னால் அங்கே 6 மெகாவாட் மின் நிலையமும் வந்தது. அந்தக் காலத்துப் பொதுப்பணித்துறைக்காரர்கள் அணை கட்டினால் பூங்காவும் போட்டார்கள். மக்கள் பணத்தில் கட்டியதை மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. காற்றாலைகள் தனியார் பணத்தில் வந்தன, பூங்காவுக்குப் பதில் முள்வேலி வந்தது.

பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாத பொருளைப் பற்றி ஊர் தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும். காற்றாடி மேகத்தை விரட்டுகிறது, அதனால்தான் மழை இல்லை என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் பேச்சு உண்டு. காற்றாடியின் றெக்கை நுனி மிஞ்சிப் போனால் 100, 150 மீட்டர். சமீபத்திய பெரிய காற்றாடியானால் 200. மழை மேகம் அதற்கும் எவ்வளவோ மேலே. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலையே கேரளப் பக்கம் இறக்கிவிடுகிறது. நமக்கு வருவது சாரலும் வெறும் காற்றும். காற்றாடி வருவதற்கு முந்தியும் அப்படித்தான். இதை நான் டீக்கடைகளில் பலமுறை விளக்கியிருக்கிறேன். கேட்டுவிட்டு, "நீ கம்பெனி ஆளு, அப்படித்தான் சொல்லுவ" என்பார்கள். விளக்கத்தில் குறை இல்லை. ஊருக்குள் அந்தப் பொருள் வந்த விதத்தில்தான் குறை.

ஒரு முறை மட்டும் வேறு மாதிரி பார்த்தேன். புது றெக்கைகள் லாரியில் வந்த ராத்திரி. 40 மீட்டருக்கு மேல் நீளம். பகலில் விட மாட்டார்கள். தேனி நேரு சிலைப் பக்கம் வண்டி திரும்ப வேண்டும். முன்னால் ஒருவர் டார்ச் அடிக்க, பின்சக்கரத்தை இன்னொருவர் தனியாகத் திருப்ப, அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இரண்டாம் ஆட்டம் விட்டு வந்தவர்கள், பரோட்டாக் கடைக்காரர்கள், தூக்கம் கலைந்து வந்த பெண்கள் என்று ஒரு கூட்டமே கூடி, "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று ஓட்டுநருக்கு வழி சொன்னது. வண்டி திரும்பியதும் கைதட்டல். மறுநாள் அது வேலிக்குள் போய்விட்டது. பிறகு யாருக்கும் அதோடு சம்பந்தம் இல்லை.

வாஸ்ப் போலவே டென்மார்க்கிலிருந்து வந்த இன்னொரு மென்பொருள் விண்ட்புரோ. நட்ட பிறகு காற்றாடி எப்படித் தெரியும் என்று ஊரின் புகைப்படத்தின் மேல் அளவோடு பொருத்திக் காட்டுகிற வசதி அதில் உண்டு. ஐரோப்பாவில் அந்தப் படங்களை ஊர்க்காரர்கள் முன் வைத்துத்தான் அனுமதி கேட்பார்கள். இங்கே கேட்பார் இல்லாததால் நாங்கள் அந்தப் பக்கத்தையே திறந்ததில்லை. திராட்சைத் தோட்டக்காரர் கேட்ட பிறகு நான் திறக்க ஆரம்பித்தேன். பேருந்து நிறுத்தம், கோயில் வாசல், பள்ளிக்கூடத்து மைதானம் என்று மூன்று இடத்திலிருந்து படம் போடுவேன். ஒரு கிராமத்தில் கோயில் வாசலிலிருந்து போட்ட படத்தில், கோபுரத்துக்கு நேர் பின்னால் விசிறி நின்றது. பெரியவர்கள் பார்த்ததும், "கோபுரத்துக்கு மேல எதுவும் தலை தூக்கக் கூடாதுப்பா" என்றார்கள். அதே நிலத்துக்குள் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மின்சார உற்பத்தியில் கணக்கில் எடுக்கிற அளவுக்கு எதுவும் குறையவில்லை. கம்பெனி மேலாளருக்கு நான் ஏன் மெனக்கெடுகிறேன் என்று புரியவில்லை. பாதை பிரச்சினை இல்லாமல் கிடைத்தபோது புரிந்தது.

காற்றாடிக் கோபுரத்தில் படம் வரையலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மயில், யானை, ஜல்லிக்கட்டுக் காளை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 80 மீட்டர் உயரத்தில் பெயிண்ட் உரிந்தால் மறுபடி அடிக்க யாரும் ஏற மாட்டார்கள், இரண்டு ஆடியில் காளைக்குக் கொம்பு போய்விடும். பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் நிறம் அடிப்பதற்கே காரணம் உண்டு, வெயில் பட்டுக் கண் கூசாது, மேகமூட்டத்தில் கலந்துவிடும். எனர்கான் என்கிற ஜெர்மானியக் கம்பெனி, நார்மன் ஃபாஸ்டர் என்கிற பெரிய கட்டடக் கலைஞரைக் கொண்டு தன் காற்றாடியின் தலைப்பாகத்தை முட்டை வடிவில் அமைத்தது. கோபுரத்தின் அடியில் பச்சை வளையங்கள் மேலே போகப் போக வெளிறிக்கொண்டே போகும். கீழே தோட்டத்தோடு சேர்கிறது, மேலே வானத்தோடு சேர்கிறது. அவ்வளவு போதும்.

காற்றாடிகளில் எண் எழுதுகிற பெயிண்டர் அண்ணன் ஒருவர் எங்களோடு இருந்தார். பிறந்தது இலங்கையின் நெடுந்தீவு. சின்ன வயதில் படகேறி இந்தப் பக்கம் வந்தவர், இங்கேயே கல்யாணம் முடித்து, பாதி யாழ்ப்பாணமும் பாதி தேனியுமாகப் பேசுவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டில், "எங்கட தீவுல இத நட்டா என்ன நடக்கும் தெரியுமா தம்பி? குறிகட்டுவான்ல இருந்து படகுல வாறவனுக்கு முதல்ல தெரியிறது இதுதான். ஊர் பிறகுதான் தெரியும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பள்ளத்தாக்கில் மலை இருக்கிறது, காற்றாடி எவ்வளவு உயர்ந்தாலும் மலைக்குக் கீழேதான். தட்டையான தீவில் அது எல்லாவற்றுக்கும் மேலே. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தப்ப முடியாது.

2022 மார்ச்சில் செய்தி வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியா நன்கொடையாக மின்சாரத் திட்டம் செய்து கொடுக்கப் போகிறது. அதற்கு முன் ஒரு சீனக் கம்பெனிக்குப் போயிருந்த வேலை அது, இந்தியா ஆட்சேபித்ததில் கைமாறியது. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்துக் காற்று 530 கிலோவாட், சூரிய ஒளி 1,700 கிலோவாட், 2,400 கிலோவாட் மணி மின்கலம், அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். மொத்தத் தொகை 1.1 கோடி அமெரிக்க டாலர். அண்ணன் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "வரைஞ்சு காட்டு பாப்பம்" என்றார்.

யாரும் கேட்காத வரைபடம்தான், ஆனாலும் ஆசையோடு வரைந்தேன். கிரேன் படகில் ஏறாது. அதனால் சின்னக் காற்றாடிகள், அடியில் கீல் வைத்து, வின்ச்சால் இழுத்து நிமிர்த்துகிற கோபுரம். பழுதானாலும் புயல் எச்சரிக்கை வந்தாலும் ஊர்க்காரர்களே படுக்க வைத்துவிடலாம். உப்புக் காற்றில் சாதாரணப் பெயிண்ட் நிற்காது, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்புதான். அதன் மங்கிய சாம்பல் நிறமே கடலுக்குப் பொருந்தும். இரண்டு காற்றாடிகளை இறங்குதுறைக்கு வருகிற வழியோடு ஒரே கோட்டில் வைத்தேன். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்க்கோட்டில் பார்த்து வழி பிடிப்பது மீனவர்களுக்குக் கைவந்த கலை. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் படகு சரியான தடத்தில் வருகிறது. நயினாதீவிலும் அப்படித்தான் யோசித்தேன், ஆனால் நாகபூஷணி அம்மன் கோபுரத்தையும் விகாரையையும் விட்டு விலகி, தீவின் மறுபக்கம்.

சூரியத் தகடுகளுக்கு மூன்று தீவிலுமாக ஏழு எட்டு ஏக்கர் வேண்டும். நெடுந்தீவில் சுண்ணாம்பு கலக்காமல் பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் உண்டு. கம்பி வேலிக்குப் பதில் அதே கல் வேலியைச் சுற்றி வைத்தேன். தகடுகளை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, பத்து டிகிரி தெற்கே சாய்த்தேன். அடியில் நிழல். அந்தத் தீவில் திரிகிற மட்டக் குதிரைகளும் மாடுகளும் ஒதுங்கலாம், பள்ளிப் பிள்ளைகளும் உட்காரலாம். மின்கல அறைக்கு முன்னால் ஒரு திண்ணை. திண்ணைச் சுவரில் ஒரு பலகை: இன்றைக்குக் காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு, டீசல் எவ்வளவு. டீசல் எண் குறைகிற நாளில் ஊரே பெருமைப்படும்.

அண்ணன் நெடுநேரம் பார்த்தார். "திண்ணைய மட்டும் பெருசாப் போடு" என்றார்.

தீவுகளில் இப்படி யோசிப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எலிசபெத் மொனொயன், ராபர்ட் ஃபெர்ரி என்ற இருவர் 2008-இல் தொடங்கிய லேண்ட் ஆர்ட் ஜெனரேட்டர் என்ற முயற்சி, மின்சாரம் எடுக்கிற அமைப்பையே பொதுக் கலையாக வடிவமைக்கப் போட்டி வைக்கிறது. பிஜித் தீவுகளில் மாரோ என்ற கிராமத்துக்காகவும் போட்டி வைத்தார்கள். படங்கள் அழகாக இருக்கும், கட்டி முடித்தவை குறைவு. என் மனம் போவது கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற மிட்டல்குருண்டன் காற்றாலையிடம். முதலில் 27 காற்றாடிகளை மூன்று வரிசையில் வைக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் பேசினார்கள். கடைசியில் 20 காற்றாடிகள், ஒரே வில் வளைவில், 2000-இல் நின்றன. பழைய கோட்டை அரண்களின் வளைவைத் தொடர்கிற வடிவம். பாதிப் பங்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். பங்கு வைத்திருக்கிறவன் ஜன்னலைத் திறந்து காற்றாடி சுற்றுகிறதா என்று பார்ப்பான். திட்டச் செலவில் அழகுக்கென்று தனியாக ஒதுக்கிப் பயன் இல்லை, பேசுவதற்கு நேரம் ஒதுக்கினால் போதும் என்று நான் நம்புவது இதனால்தான்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. பழைய காற்றாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியதை நடுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2024-இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. பள்ளத்தாக்கில் நிற்கிற சின்னக் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இறங்கும். நான்கைந்து இருந்த இடத்தில் ஒன்று வரும், இரண்டு மடங்கு உயரத்தில். தப்பகுண்டில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வந்துவிட்டது, மின்சாரத்தை எடுத்துப் போக வழி இருக்கிறது. அடுத்த 25 வருடத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு எப்படித் தெரியும் என்பது வரப்போகிற சில வருடங்களில் முடிவாகிவிடும்.

ஆண்டிபட்டி, உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்து ஊராட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடம் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கோயில் வாசலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் எப்படித் தெரியும் என்று புகைப்படத்தில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மென்பொருள் அவர்களிடமே இருக்கிறது, இரண்டு நாள் வேலை. வரிசை ஒன்றுக்கு ஒரே மாதிரிக் கோபுரம் கேளுங்கள். ஒரு காற்றாடிக்கு அடியிலாவது வேலி இல்லாமல், உட்கார ஒரு மேடையும் இன்றைய உற்பத்தியைக் காட்டுகிற பலகையும் கேளுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வந்து படம் போட்டுக் காட்டுகிறேன், காசு வேண்டாம்.